மண்வீட்டுக்கு அனுமதி: எந்த மேசையில் நிற்கிறது உங்கள் கோப்பு?

கேள்வி: நானும் என் கணவரும் நகரத்துக்கு வெளியே கொஞ்சம் விவசாய நிலம் வாங்கியிருக்கிறோம். சிறிய மண்சுவர் வீடு, கூரையில் சோலார், மழைநீர்த் தொட்டி, மக்கும் கழிப்பறை (தண்ணீர் ஊற்றாமல் கழிவை மக்கவைத்து உரமாக்குவது), சுற்றிலும் உணவுத் தோட்டம். இதுதான் எங்கள் திட்டம். திட்டமிடல் அலுவலகத்தில் கேட்டோம். "விவசாய மண்டலம், வீடு கட்ட முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் சற்றுத் தள்ளி, நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் பெரிய குடியிருப்புத் திட்டத்துக்கு அதே அலுவலகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஒரு ஆலோசகரிடம் போனோம். அவர் கேட்ட கட்டணத்தில் பாதி வீட்டைக் கட்டிவிடலாம். நாங்கள் என்ன செய்வது? எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றாகச் சேர்ந்து விதியை மாற்றச் சொல்லலாம் என்றால் எதைக் கேட்பது? அதுவரை நிலத்தில் ஒரு குடிசை போட்டுத் தங்கிக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மண்வீடு என்பதால்தான் மறுத்துவிட்டார்கள் என்று உங்களுக்குக் கோபம் இருக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சுவரைப் பற்றிய பேச்சே இன்னும் வரவில்லை. ஒரு வீடு எழ மூன்று தனித்தனி ஒப்புதல்கள் வேண்டும். இந்த நிலத்தில் குடியிருக்கலாமா என்பது நிலப் பயன்பாடு. இந்தச் சுவரும் கூரையும் நிற்குமா என்பது கட்டட அனுமதி. குடிநீரும் கழிவும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்குமா என்பது சுகாதாரம். ஊருக்கு ஊர் அலுவலகத்தின் பெயர் மாறும், சில இடங்களில் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும், ஆனால் கேள்விகள் இந்த மூன்றுதான். நீங்கள் முதல் மேசையில் நிற்கிறீர்கள். அங்கே போய் மண்சுவரின் பெருமையைப் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. அது அவருடைய கேள்வியே இல்லை.

அவருடைய பயம் வேறு. இன்று உங்களுக்கு விவசாய நிலத்தில் வீடு கட்ட அனுமதி கொடுத்தால், நாளை இன்னொருவர் "அவருக்குக் கொடுத்தீர்களே" என்று வந்து நிற்பார். அவர் தோட்டமும் போடமாட்டார், மழைநீரும் பிடிக்கமாட்டார். மூன்றாவது ஆள் பண்ணைவீடு என்ற பெயரில் விருந்தினர் விடுதி கட்டுவார். வயலைக் காக்க வந்த விதி அப்படித்தான் ஓட்டையாகும். இந்தப் பயம் நியாயமானது என்பதே என் கருத்து. ஆகவே உங்கள் விண்ணப்பம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்களுக்குக் கொடுப்பதால் எல்லோருக்கும் கதவு திறந்துவிடாது என்பதை எப்படிக் காட்டுவது?

பக்கத்துக் குடியிருப்புத் திட்டத்தை விதிமீறல் என்று சந்தேகிக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படி இருக்காது. மண்டல மாற்றத்துக்கு முறையாக விண்ணப்பித்து, மண் ஆய்வு, போக்குவரத்து ஆய்வு, வக்கீல், வரைபடம் என்று எல்லாம் இணைத்துக் கொடுத்திருப்பார்கள். இந்தச் செலவுகளில் பலவும் ஒரு வீட்டுக்கும் இருநூறு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அவர்கள் அதை இருநூறாகப் பிரித்துக்கொள்கிறார்கள், நீங்கள் ஒற்றை ஆளாகச் சுமக்கிறீர்கள். சாதாரண மக்களுக்கு இந்த அனுமதிகள் எட்டாமல் போக முதல் காரணம் இதுதான். யாரும் திட்டமிட்டு உங்களைத் தடுக்கவில்லை. பெரிய ஆட்களை மனதில் வைத்துச் செய்த நடைமுறை, சின்ன ஆளை நசுக்குகிறது.

முதல் மேசையின் பயத்துக்கு ஒரு நாடு முழுமையாகப் பதில் எழுதிப் பார்த்திருக்கிறது. வேல்ஸ். அங்கே 1998ல் வானிலிருந்து எடுத்த படங்களில், காட்டோரமாக மரமும் புல்கூரையும் கொண்டு அனுமதியில்லாமல் கட்டப்பட்ட ஒரு வட்டவீடு அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடிக்க உத்தரவு, மேல்முறையீடு, மறுபடி உத்தரவு என்று பத்து ஆண்டுகள் இழுத்து, 2008ல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. நடுவில் 2006ல் பெம்ப்ரோக்‌ஷயர் உள்ளாட்சி, மண்ணுக்குச் சுமையில்லாத வாழ்க்கைக்கென்று தனி விதியொன்றைக் கொண்டுவந்தது. தங்கள் தேவையில் 75 சதவீதத்தை அந்த நிலத்திலிருந்தே பெற வேண்டும் என்பது நிபந்தனை. அதன் கீழ் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து விண்ணப்பித்த டிர் எ கஃபெல் என்ற குடியிருப்பு, மறுப்பு மேல் மறுப்பு வாங்கி, 2009ல் மேல்முறையீட்டில் வென்றது. அடுத்த ஆண்டே வேல்ஸ் அரசு அதை நாடு முழுமைக்குமான கொள்கையாக்கிவிட்டது.

அந்தக் கொள்கையின் சாரம் ஒரு பேரம். விவசாய நிலத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்த நிலத்தால் வாழ்ந்து காட்ட வேண்டும். உணவுத் தேவையில் 65 சதவீதம் ஐந்து ஆண்டுகளுக்குள் நிலத்திலிருந்து வர வேண்டும். மொத்த உணவில் 30 சதவீதமாவது நேரடியாக அங்கேயே விளைய வேண்டும், மீதியை அந்த நிலத்தின் வருமானத்தில் வாங்கிக்கொள்ளலாம். எரிசக்திக்கும் நீருக்கும் கழிவுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சொன்னபடி நடக்காவிட்டால் வீட்டை எப்படி அகற்றி நிலத்தைப் பழையபடி ஆக்குவீர்கள் என்ற வெளியேறும் திட்டம் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். பண்ணைவீட்டு வியாபாரி இந்த நிபந்தனைகளைப் படித்த உடனே திரும்பிப் போய்விடுவார். அதிகாரியின் பயத்துக்கு அதுதான் மருந்து.

ஆனால் அதிலும் ஒரு குறை. அங்கே கேட்கும் மேலாண்மைத் திட்டத்தை எழுதுவது லேசான வேலை இல்லை. சூழலியல் தடக் கணக்கு (உங்கள் வாழ்க்கைக்கு எவ்வளவு நிலமும் வளமும் செலவாகிறது என்பது), வருமானக் கணக்கு, போக்குவரத்துக் கணக்கு என்று அது தடித்த கோப்பாகிவிடுகிறது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவரைவிட அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கு வாய்ப்பு அதிகம். விண்ணப்பிப்பவர்களுக்கு வழிகாட்ட ஒரு தன்னார்வ அமைப்பே அங்கே இயங்குகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கோப்பின் தடிமனை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். ஆலோசகரிடம் போவதற்கு முன் நீங்களே ஆறு பக்கத்துக்குள் ஒரு திட்டம் எழுதுங்கள். எழுதும்போதே உங்கள் கனவில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, மழைநீர். எல்லோரும் "மழைநீரில் வாழ்வோம்" என்று எழுதுகிறார்கள். கணக்குப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். வழிந்தும் காய்ந்தும் போவதைக் கழித்து 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடமென்றால் 48,000 லிட்டர் கிடைக்கும். நீங்கள் இருவரும் ஆளுக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்கு 58,400 லிட்டர் வேண்டும். துண்டு விழுகிறது. தண்ணீர் ஊற்றாத கழிப்பறையால் ஆளுக்கு 15 லிட்டர் மிச்சமாகிறது என்று கொள்ளுங்கள். 47,450 லிட்டர் போதும், மயிரிழையில் கணக்குச் சரியாகிவிடுகிறது.

ஆண்டுக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. மழையே இல்லாத நாட்கள் தொடர்ச்சியாக 120 என்றால், அதைத் தாண்ட 15,600 லிட்டராவது தொட்டியில் இருக்க வேண்டும். மழை குறைந்த ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்றும் ஒரு வரி வேண்டும். இப்படி அரைப் பக்கம் எழுதி, உங்கள் பகுதியின் மழையளவுப் பதிவை அடியில் ஒட்டிவிட்டால், "ஆர்வக்கோளாறில் வந்தவர்கள்" என்ற நினைப்பு அதிகாரிக்குப் போய்விடும். இதே அரைப் பக்கம்தான் மக்கும் கழிப்பறை எதற்கு என்பதற்கும் பதில். கொள்கை முழக்கத்தைவிட இந்தக் கணக்கு நன்றாகப் பேசும்.

உணவுக்கும் அப்படியே. என்ன விளையும் என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எடையோடு குறித்து, அதில் எவற்றை அந்த மண்ணில் எந்த ஆண்டிலிருந்து எடுக்க முடியும் என்று எதிரே எழுதுங்கள். மரங்கள் காய்க்க ஆண்டுகள் ஆகும் என்பதை ஒளிக்க வேண்டாம். முதல் ஆண்டு 10 சதவீதம் என்று எழுதுகிறவரை நம்புவார்கள். முதல் ஆண்டே தன்னிறைவு என்பவரை நான்கூட நம்பமாட்டேன்.

கடைசிப் பக்கம் நிபந்தனைகள். அவர்கள் விதிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுதிக் கொடுங்கள். வீட்டின் உச்சபட்சப் பரப்பளவு இவ்வளவு, நிலத்தைப் பிரித்து விற்கமாட்டோம், இந்த நிலத்தில் உழைப்பவர்தான் இங்கே குடியிருப்பார், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பக்க அறிக்கை தருவோம், ஐந்தாம் ஆண்டில் இலக்கை எட்டாவிட்டால் இன்ன முறையில் அகற்றுவோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். இது வெறும் காகிதம் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இந்த ஆறு பக்கத்தோடு, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு சந்திப்புக் கேளுங்கள். பல அலுவலகங்களில் அதற்கு முறையான ஏற்பாடு உண்டு, கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. அங்கே "முடியுமா, முடியாதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், முடியாது என்பதுதான் பாதுகாப்பான பதில். "எந்த விதியின் எந்தப் பிரிவு தடுக்கிறது? அதில் விதிவிலக்குக்கு இடம் உண்டா? நிபந்தனையோடு அனுமதிக்க வேண்டுமென்றால் கோப்பில் என்ன இருக்க வேண்டும்?" இந்த மூன்றையும் கேளுங்கள். விவசாயம் செய்பவர் தன் நிலத்தில் குடியிருக்க வழி, தற்காலிகக் குடியிருப்புக்கான வழி, வேளாண் கட்டடத்துக்கான வழி என்று பல ஊர்ச் சட்டங்களில் சந்துகள் உண்டு. உங்கள் ஒற்றை வரி மறுப்பு அவற்றைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், பேசியதைச் சுருக்கமாக எழுதி, "நாங்கள் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அலுவலர் மாறினாலும் அந்த மின்னஞ்சல் கோப்பில் இருக்கும்.

இரண்டாவது மேசையில் அதிகம் பயப்பட வேண்டாம். மண்சுவருக்குத் தரநிலை இல்லை என்று சொன்னால், இருக்கிறது என்று காட்டலாம். நியூசிலாந்து 1998லேயே மண் கட்டடங்களுக்கு மூன்று தரநிலைகளை வெளியிட்டது, அதுவும் நிலநடுக்கம் வரும் நாடு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் 2015ல் வைக்கோல் கட்டுச் சுவருக்கும், 2021ல் வைக்கோல் கலந்து குழைத்த களிமண் சுவருக்கும் பின்னிணைப்புகள் வந்துவிட்டன. அவை உங்கள் ஊரில் செல்லும் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் பொறியாளருக்கு, தான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை என்ற தைரியம் வேண்டும், அதற்கு இவை உதவும். உங்கள் ஊர்க் கட்டட விதியிலும் மாற்றுப் பொருள், மாற்று முறை பற்றி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆலோசகருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை இங்கே, மண்வீட்டில் அனுபவமுள்ள ஒரு பொறியாளருக்குக் கொடுங்கள். இது தனியாகச் செய்யக் கூடாத வேலை.

மூன்றாவது மேசையில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், அதுவும் கூச்சத்தால். கழிப்பறையைப் பற்றி விளக்கமாகப் பேச நமக்கு வருவதில்லை. மக்கும் கழிப்பறையில் அதிகாரி கேட்பது ஒன்றே: கிருமி சாகும்வரை அதை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதற்கு அளவு உண்டு. மேலும் எதையும் சேர்க்காமல் சேமித்து வைக்கும் முறையில், வெப்பம் 20 டிகிரிக்கு மேல் உள்ள இடங்களில் ஓர் ஆண்டுக்கு மேல், அதைவிடக் குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். இரண்டு அறைகள் கட்டி, ஒன்று நிறைந்ததும் மூடி, தேதி எழுதி, மற்றதைப் பயன்படுத்துவது எளிய வழி. வரைபடத்தில் கிணற்றுக்கும் அந்த அறைகளுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் குறியுங்கள். குளியல் நீருக்கு உறிஞ்சுகுழி போடுவதாக இருந்தால், அந்த இடத்தில் ஒரு குழி வெட்டி, முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். அலுவலகம் தன் முறையில் மறுபடி அளக்கச் சொல்லலாம். பரவாயில்லை, தண்ணீர் எளிதில் இறங்காத களிமண் பூமி என்று முன்பே தெரிந்தால் உங்களுக்கே நல்லது.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி. சேர்ந்து போய் எதைக் கேட்பது? "இயற்கை வாழ்வுக்கு ஆதரவு தாருங்கள்" என்று மனு கொடுத்தால் வாங்கிவைத்துக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆன்லைன் வசதி கேட்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே படிவங்கள் திரையில் வரும், அவ்வளவுதான். சின்ன அளவுக்குச் சின்ன நடைமுறை வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் அரிசோனா. வீட்டில் குளித்த, துணி துவைத்த நீரைத் தோட்டத்துக்கு விட முன்பு ஒவ்வொருவரும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பலர் வாங்காமலேயே விட்டார்கள். 2001ல் விதியை மாற்றினார்கள். நாளொன்றுக்கு 400 கேலனுக்குள், அதாவது சுமார் 1,500 லிட்டருக்குள் இருக்கும் வீடுகள், வெளியிடப்பட்ட சில எளிய விதிகளைப் பின்பற்றினால் போதும். விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். அதற்கு மேல் போனால்தான் அலுவலகம், ஆய்வு எல்லாம். ஒளிந்து செய்துகொண்டிருந்தவர்களுக்கு எது சரியான முறை என்று முதன்முறையாகத் தெரியவந்தது.

காலக்கெடுவையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். கலிபோர்னியாவில், இருக்கும் வீட்டோடு இன்னொரு சிறு வீடு கட்ட விண்ணப்பித்தால், 2020 முதல் 60 நாட்களுக்குள் உள்ளாட்சி முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதித்ததாகவே கொள்ளப்படும். அங்கே இன்னொரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடங்களை உள்ளாட்சிகள் வைத்திருக்க வேண்டும் என்று 2025 தொடக்கத்திலிருந்து சட்டம். நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: ஒரு மண்சுவர் வீடு, ஒரு இரட்டை அறைக் கழிப்பறை, ஒரு மழைநீர்த் தொட்டி, மூன்றுக்கும் அலுவலகமே சரிபார்த்த மாதிரி வரைபடங்கள். உங்கள் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொறியாளரை வைத்து ஒரே ஒரு செட் தயாரித்து, "இதைச் சரிபார்த்துப் பொதுவில் வையுங்கள்" என்று கொடுத்தால், அலுவலகத்துக்கும் பாதி வேலை முடிந்தது. குடியிருப்புத் திட்டக்காரர் செலவை இருநூறாகப் பிரித்தது போல நீங்களும் பத்தாகவாவது பிரித்துக்கொள்ளலாமே.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களை எதிர்ப்பவர்கள் இதைச் சொல்வார்கள். நெதர்லாந்தின் அல்மேரா நகரை ஒட்டி ஊஸ்டர்வோல்ட் என்று 4,300 ஹெக்டேர் பகுதி. சாலையிலிருந்து கழிவுநீர் வரை குடியேறுபவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், நிலத்தில் பெரும்பங்கு விவசாயத்துக்கு என்று துணிச்சலான ஏற்பாடு. வீடுகள் நன்றாகவே எழுந்தன. ஆனால் வீட்டுக்கு வீடு போட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பல இடங்களில் தர அளவை எட்டவில்லை, கடைசியில் பொதுக் குழாய் பதிக்க வேண்டிய நிலை வந்தது. எனவே தளர்வு கேட்கும்போது, தண்ணீரையும் கழிவையும் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்பதையும் உங்கள் மனுவிலேயே எழுதிவிடுங்கள். அதில் மட்டும் தளர்வு கேட்காதீர்கள்.

குடிசை விஷயம். அனுமதியில்லாமல் போட்டுத் தங்க வேண்டாம். பல வருடம் யாரும் கேட்காவிட்டால் தானாகச் சட்டப்படி ஆகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அப்படிப்பட்ட விதிகள் சில நாடுகளில் உண்டு, ஒளித்துக் கட்டியவர்களுக்கு அவை கைகொடுப்பதில்லை. இங்கிலாந்தில் ஒரு விவசாயி, மாளிகை போன்ற வீட்டை வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறைத்துக் கட்டி, நான்கு ஆண்டு அங்கேயே குடும்பத்தோடு வாழ்ந்துவிட்டு, பிறகு கட்டுகளை எடுத்தார். நீதிமன்றப் படிகள் எல்லாம் ஏறி இறங்கி, 2016ல் வீட்டைத் தானே இடிக்க வேண்டியதாயிற்று. அப்புறம், ஒருமுறை நோட்டீஸ் வந்துவிட்டால், அடுத்து நீங்கள் போடும் முறையான விண்ணப்பத்தையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

தங்கியே ஆக வேண்டுமென்றால் தற்காலிக அனுமதி கேளுங்கள், அகற்றும் தேதியை நீங்களே குறிப்பிட்டு. கிடைக்காவிட்டால் பகலில் போய் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். விவசாய நிலத்தில் விவசாயம் செய்ய இந்த மேசைகளில் எதற்கும் போக வேண்டியதில்லை. மரக்கன்றுகளை இந்தப் பருவத்திலேயே வைத்துவிடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு விதைத்த தேதி, அறுத்த தேதி, எடை, மழையளவு எல்லாம் எழுதி வையுங்கள். அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.